குங்குமம் வைத்த உளி

கண் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். முப்பத்து நான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவளுக்கு இருபது நிமிடம்! என் வாயைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். "நீ மைக்கப் புடிச்சா புள்ளைங்க மத்தியானச் சோத்த மறந்துட வேண்டியதுதான். பேசாத, எழுதிக் குடுத்துடு" என்றார். அதனால் எழுதித் தருகிறேன். காபி குடித்துக்கொண்டே படியுங்கள். சொட்டு எப்படி விடுவது, கட்டு எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இன்று பட்டறை வேலை செய்பவர் ஒருவர் கண்ணில் ஏதோ பாய்ந்து வந்தால், அது எங்கே கிடக்கிறது, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று ஸ்கேன் காட்டிவிடுகிறது. நான் வேலையில் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தவை நாலே நாலு. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு, கீறல் இருந்தால் அதைப் பச்சையாக ஒளிரவைக்கும் சாயம், எக்ஸ்ரே, அப்புறம் ஒரு காந்தம். நாலுமே எங்கள் அப்பாக்கள் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டவை. சீமையில் இரும்பாலைகள் பெருகி, சுத்தியல் பிடித்தவர்கள் வரிசையாகக் கண்ணை இழந்துகொண்டிருந்த காலத்தில், இரும்புதானே உள்ளே போகிறது, காந்தத்தால் இழுத்துப் பார்த்தால் என்ன என்று யாரோ ஒரு கண் டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும். அவர் யோசனையின் பேரப்பிள்ளை ஒன்று எங்கள் தியேட்டரில் நின்றுகொண்டிருந்தது. கறுப்பாக, தடியாக, முன்னால் கூர்மையான மூக்கோடு. வார்டு ஆட்கள் அதற்கு 'ஆனை' என்று பெயர் வைத்திருந்தார்கள். தமிழ், கன்னடம் இரண்டிலும் ஆனை ஆனைதான் என்பதால் அந்தப் பெயர் எல்லோருக்கும் வசதியாகிவிட்டது.

ஆனை சும்மா இருக்கும்போது வெறும் இரும்பு. டாக்டர் காலடியில் இருக்கும் மிதியை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து உயிர் வந்துவிடும். அப்போது பக்கத்தில் வேறு இரும்பு எதுவும் இருக்கக்கூடாது. ஆகவே நோயாளி வருவதற்கு முன்பு ஒரு தட்டு சுற்றி வரும். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், கொண்டை ஊசி எல்லாம் அதில் விழ வேண்டும். சனி பகவானுக்குப் பயந்து குதிரை லாடத்தில் மோதிரம் செய்து போட்டிருந்த அட்டெண்டர் ஒருவர் மட்டும் கழற்ற மாட்டேன் என்று தினமும் சண்டை போடுவார். அவரை வெளியே நிற்கவைத்துவிடுவோம்.

நான் சேர்ந்து ஆறு வாரம், கல்யாணம் ஆகி நாலு மாதம். நாங்கள் குடியிருந்த ஸ்ரீராம்புரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் போல நானும் தாலிச் சங்கிலியில் நாலு ஊக்கு கோத்து வைத்திருந்தேன். புடவைக்கோ ரவிக்கைக்கோ அவசரத்துக்கு ஆகும் இல்லையா? தட்டில் கொண்டை ஊசியைப் போட்டேன், கடிகாரத்தைப் போட்டேன். தாலி சட்டைக்குள் இருந்ததால் அதில் இருந்த ஊக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. எந்தப் பெண்ணுக்குத்தான் வரும்? நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்ளக் குனிந்தேன். சங்கிலி வெளியே சரிந்தது. டாக்டர் மிதியை அழுத்தினார். என் தாலி அந்தரத்தில் நேராக நீண்டுகொண்டு ஆனையின் மூக்கை நோக்கி என்னை இழுத்தது. கீழே நோயாளியின் திறந்த கண் இருக்கிறது.

டாக்டர் உடனே காலை எடுத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பெரிய டாக்டர், பெரிதாகப் பேசாத டாக்டர். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "என்ன சிஸ்டர், வீட்டுக்காரர் கூப்பிடறாரா?"

தியேட்டரே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு 'ஊக்கு சிஸ்டர்' என்று பெயர். வெளியே வந்தபின் அவர் சிரிக்காமல் கொடுத்த டோஸ் தனி. அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா தியேட்டர் பக்கமே வராதீங்க" என்பதில் முடிந்தது. அவர் திட்டியதில் தப்பே இல்லை. மற்றவர்களிடம் தட்டை நீட்டும் முன் நம்மை நாமே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் அப்படித்தான் படித்தேன். ஆனால் அதனால் ஒரு கெடுதலும் வந்தது. அடுத்த மூன்று வாரம் நான் அந்த டாக்டர் முன்னால் வாயையே திறக்கவில்லை. என் வாய் மூடியிருந்த மூன்று வாரம் அது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த மூன்றாவது வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே ஆஸ்பத்திரியில் பூஜை முடித்துவிட்டோம். ஆம்புலன்ஸுக்கு வாழைக்கன்று, ஸ்ட்ரெச்சருக்குக் குங்குமம், ஆனைக்குச் சந்தனமும் செவ்வந்தி மாலையும். வாசலில் பூசணிக்காய் உடைத்துப் பொரிகடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். பாதிப் பேர் லீவு. அவசர கேஸ் மட்டும்தான் என்று நிம்மதியாக இருந்த நேரத்தில், பத்து மணி வாக்கில், ஒரு கைக்குட்டையைக் கண்மேல் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். கூட அவர் மனைவி. அவர் பெயர் துரைராஜ், ஜீவனஹள்ளியில் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர், வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். மனைவி பெயர் சாந்தி.

"தூசிதான் சிஸ்டர். ஒரு சொட்டு உட்டு அனுப்பிடுங்க. பன்னெண்டு மணிக்குப் பட்டறையில பூஜை. வருஷா வருஷம் நான்தான் தேங்கா ஒடைக்கறது" என்றார் துரைராஜ்.

"தூசியாம் தூசி! இங்க வர்றதுக்கே நான் கையப் புடிச்சு இழுத்துக்கினு வந்தேன் சிஸ்டர். வாசப்படி தெரியல அவருக்கு" என்றாள் சாந்தி.

கைக்குட்டையை எடுத்தேன். வலது கண்ணின் வெள்ளையில் கடுகளவு ஒரு காயம். அவ்வளவுதான். பார்த்தால் யாரும் தூசி என்றுதான் சொல்வார்கள். பிறகு இடது கண்ணைப் பார்த்தேன். அது சின்ன வயதிலேயே கிட்டிப்புள் பட்டுப் போய்விட்ட கண். இந்த மனிதருக்கு இருந்ததே ஒரு கண்தான்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். காயத்தின் வழியாக ஏதோ உள்ளே போயிருக்கிறது, உள்ளே ரத்தம் கசிந்து மறைக்கிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தோம். அரிசிக் குறுணை போல ஒரு நிழல் தெரிந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் படாமல் பின்னால் போய்க் கிடக்கிறது, அதிர்ஷ்டம்தான் என்றார் டாக்டர். பிறகு துரைராஜிடம் கேட்டார்.

"என்ன வேலை பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"பழைய புஷ் ஒண்ண, தண்டுக்கு மாட்டற வளையம், வெட்டி எடுத்துக்கினு இருந்தேன் சார். பூஜைக்கு முன்னாடி அந்த ஒரு ஜாப முடிச்சிடலாம்னு."

"புஷ் என்ன உலோகம்?"

"பித்தள சார்."

டாக்டர் முகம் மாறியது. பித்தளையைக் காந்தம் இழுக்காது. இடுக்கியை உள்ளே விட்டுத் தேடி எடுக்க வேண்டும். அன்றைக்கு இருந்த வசதியில், அதுவும் ரத்தம் கலங்கிய ஒற்றைக் கண்ணில், அந்தத் தேடலே கண்ணைக் கெடுத்துவிடலாம். "இங்க முடியாது. மெட்ராஸுக்கு அனுப்பிடலாம். ரெண்டரை மணி வண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அவருக்கும் மனம் இல்லை என்பது தெரிந்தது. இரும்போ பித்தளையோ, உள்ளே கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கண்ணுக்குக் கேடுதான். போய்ச் சேர ராத்திரியாகும், பண்டிகை நாள் வேறு, யார் இருப்பார்களோ.

ஆனையை வைத்துத்தான் பார்த்துவிடுவோமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆனைக்கு மெதுவாகத் தொட்டுப் பார்க்கத் தெரியாது. கண்ணில் சரியான இடத்தில் ஒரு வழி திறந்துவிட்டு, அந்த வழியாகத்தான் இரும்பை வெளியே அழைக்க வேண்டும். கண்டபடி இழுத்தால் லென்ஸைக் கிழித்துக்கொண்டு வரும். பித்தளை என்றால், திறந்த வழி வீண், அந்தக் கண்ணுக்கு இன்னொரு காயம். அதனால்தான் தெரிந்துகொள்ளாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் அவர்.

நான் துரைராஜின் பக்கத்தில் நின்றிருந்தேன். சாந்தி துணிமணி எடுத்துவரக் கிளம்பியிருந்தாள். அவள் இல்லை என்று தெரிந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சிஸ்டர், இதுவும் போச்சுன்னா எங்கிட்ட வேற இல்ல. மெட்ராஸ்ல எடுத்துருவாங்க இல்ல?"

அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். ஆனால் ஒன்று மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் டர்னர், லேத்தில் இரும்பைக் கடைபவர். கல்யாணமான நாளிலிருந்து சாப்பிடும்போது எங்கள் வீட்டில் நடந்த பேச்செல்லாம் இரும்பும் எஃகும்தான். பித்தளை மெதுவானது, வெட்டினால் சுருளும், அவ்வளவு சீக்கிரம் தெறிக்காது என்பார். தெறிப்பது உளியின் தலைதானாம். வருடக்கணக்கில் சுத்தியல் அடி வாங்கிய உளித் தலை காளான் போல விரிந்துவிடும். அந்த விளிம்பிலிருந்து ஒரு சில்லு பறந்தால் துப்பாக்கிக் குண்டுதான் என்று அவர் சொன்னபோது நான் ரசத்தில் உப்புப் போடவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பேச்சு முழுக்க ஞாபகத்துக்கு வந்தது.

டாக்டர் கேட்டது வெட்டப்பட்ட பொருளைப் பற்றி. வெட்டிய பொருளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சொல்வதா வேண்டாமா? ஊக்கு சிஸ்டர் பெரிய டாக்டருக்குப் பாடம் எடுப்பதா? தப்பாகப் போனால் அந்த மனிதரின் ரயிலும் போய்விடும். நேர்மையாகச் சொல்கிறேன், ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். டாக்டர் கடிதத்தை உறையில் போட்டு ஓரத்தை நாக்கால் நனைத்தார். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், அது புஷ்ஷா இருக்காது சார். உளியா இருக்கும். உளித் தலை, அது விரிஞ்சு, எங்க வீட்டுக்காரர் சொல்வாரு சார், ரசம் ஊத்தும்போது..."

அப்படித்தான் உளறினேன். டாக்டர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு துரைராஜைப் பார்த்தார். "உளித் தலை விரிஞ்சிருந்துதா?"

"அது எப்பவுமே விரிஞ்சுதான் சார் இருக்கும். பழைய உளி. கைக்கு நல்லா வரும்னு நான் மாத்தவே இல்ல" என்றார் துரைராஜ்.

"எனக்கு அந்த உளி வேணும். ஒரு மணிக்குள்ள வந்தா பாக்கலாம். இல்லன்னா ரயில்தான்" என்றார் டாக்டர். பட்டறையில் போன் இல்லை. அட்டெண்டர்கள் லீவு. இருந்த ஒருவர் சனி மோதிரக்காரர், அவரை நம்பி அனுப்ப மனம் வரவில்லை. நானே யூனிஃபார்மோடு வாசலுக்கு ஓடி, வாழைக்கன்று கட்டிய ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

பட்டறைக்குள் நுழையும்போது கற்பூரம் அப்போதுதான் அணைந்திருந்தது. லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்கு மாலை. தரையில் புதுச் சிவப்புத் துணி விரித்து, கருவிகள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தார்கள். உளி மட்டும் ஒன்பது. முதலாளி நஞ்சப்பா கன்னடக்காரர், அறுபது வயதிருக்கும். என் யூனிஃபார்மைப் பார்த்ததுமே எழுந்து வந்துவிட்டார்.

"துரை ஹேகிதானே? எப்படி இருக்கான் சிஸ்டர்? அவனுக்குன்னு தேங்கா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன். உளி வேண்டும் என்றதும் அவர் பின்வாங்கினார்.

"பேடா சிஸ்டர், வேணாம். பூஜை ஆயித்து. இன்னிக்கு ஆயுதத்தத் தொடக்கூடாது. நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும். போன வருஷம் பக்கத்துப் பட்டறையில ஒருத்தன் பூஜையில இருந்த சுத்தியல எடுத்தான். மறுவாரம் அவன் வெரலு போச்சு. துரைக்கு ஏற்கெனவே இப்படி ஆயிருக்கு. இன்னும் ஏதாவது ஆச்சுன்னா?"

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மனிதனின் கண் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்கு மறுபூஜையா என்று கத்தத்தான் வாயெடுத்தேன். அவர் கையைப் பார்த்தேன், துரைராஜுக்கென்று எடுத்து வைத்த தேங்காயைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் பிடிவாதத்தில் மறுக்கவில்லை, துரைராஜுக்கு இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் மறுக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. பயந்தவரைக் கத்தி வழிக்குக் கொண்டுவர முடியாது.

"அண்ணா, எங்க ஆஸ்பத்திரியிலயும் காலையில பூஜை பண்ணோம். பெரிய காந்தம் ஒண்ணு இருக்கு, அதுக்கும் மாலை போட்டு, குங்குமம் வெச்சு, தொடக்கூடாதுன்னுதான் வெச்சிருக்கோம். உங்க துரைக்காகத்தான் அத எழுப்பப் போறோம். அது எழுந்திரிக்குது. உங்க உளி எழுந்திரிக்காதா?"

நஞ்சப்பா திரும்பி உளி வரிசையைப் பார்த்தார். பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். அவர் பெயர் பாஷா, லேத் ஓட்டுபவர், துரைராஜோடு பன்னிரண்டு வருடமாக வேலை செய்பவர். அந்தப் பட்டறையில் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கி வருவது எப்போதும் அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"மாலிக், நாம பூஜை போடறதே ஆயுதம் நம்மளக் கடிக்கக் கூடாதுன்னுதானே? இது கடிச்சிட்டு வந்து ஒக்காந்துக்கினு இருக்குது. போய் டாக்டர்கிட்ட ஒத்துக்கட்டும்" என்று முதலாளியிடம் சொன்னார் பாஷா.

நஞ்சப்பா தேங்காயை ஓரமாக வைத்தார். பிறகு, "எது துரையோடது?" என்று கேட்டார். பாஷாவுக்கு யோசிக்கவே தேவையில்லை. மூன்றாவது உளியைக் காட்டினார். சந்தனத்தின் அடியில், விரிந்து கறுத்த தலையின் ஓரத்தில், பல் விழுந்த இடம் போல ஒரு சின்ன வெட்டு. மற்ற இடமெல்லாம் கறுப்பு, அங்கே மட்டும் புத்தம் புது வெள்ளி நிறம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, இந்தத் தடவை சந்தோஷத்தில்.

நஞ்சப்பா வேறு யாரையும் தொட விடவில்லை. தானே இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து அதன்மேல் உளியை வைத்தார். "இப்படியே எடுத்துக்கினு போங்க சிஸ்டர். கீழ மட்டும் வெச்சிடாதீங்க" என்றார். ஆக நான் ஆட்டோவில் தாம்பாளத்தை மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தேன். சிவாஜிநகர் நெரிசலில் வண்டி நின்றபோது டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டேவிட்டார். "எந்தக் கோயிலு சிஸ்டர்?"

பன்னிரண்டே முக்கால். டாக்டர் தாம்பாளத்தைப் பார்த்தார். "பிரசாதமா?"

"சாட்சி சார்" என்றேன். வாய் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து உளியின் தலையைப் பார்த்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மறுபடி உளியைப் பார்த்தார். அந்த வெட்டும் அந்த நிழலும் ஒரே அளவு என்று பார்த்த எனக்கே தெரிந்தது. பிறகு உளியை எடுத்துக்கொண்டு தியேட்டருக்குள் போய் மிதியை அழுத்தினார். உளி அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஆனையின் மூக்கில் ணங்கென்று ஒட்டியது. உளியில் இருந்த குங்குமம் ஆனையில் இருந்த குங்குமத்தோடு அப்பிக்கொண்டது. டாக்டர் திரும்பி, "அந்த லெட்டரைக் கிழிச்சிடுங்க" என்றார். அதைக் கிழித்த சுகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனையின் மாலையைக் கழற்றி, மூக்கைத் துடைத்துச் சுத்தம் செய்தோம். இரும்பைக் கழற்றிப் போடும் தட்டை நான் என்னிடமிருந்து ஆரம்பித்தேன், நாலு ஊக்கும் முதலில் விழுந்தன. "இன்னிக்கு வீட்டுக்காரர் கூப்பிட மாட்டாரே?" என்று முகமூடிக்குள்ளிருந்து டாக்டர் கேட்டார். "அவர் ஏற்கெனவே பேசிட்டார் சார்" என்றேன்.

ஆபரேஷனைப் பற்றி விரிவாக எழுத மாட்டேன். துரைராஜ் விழித்திருந்தார், கண் மட்டும் மரத்திருந்தது. அவர் தலையை நான் பிடித்திருந்தேன், என் கட்டைவிரலின் அடியில் அவர் நெற்றி நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் வழியைத் திறந்தார். ஆனையை நெருங்க வைத்தார். மிதியை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. கோணத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி அழுத்தினார். ஒன்றும் இல்லை. நான் சொல்லித்தானே ரயிலை விட்டோம், நான் சொல்லித்தானே இந்தக் கண்ணில் கத்தி பட்டது என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், பாஷாவின் சாமியையும் சேர்த்து. மூன்றாவது தடவை 'டிக்' என்று ஒரு சத்தம். ஊசி தரையில் விழுந்தால் கேட்குமே, அவ்வளவுதான். ஆனையின் மூக்கில் ஒரு கறுப்புப் புள்ளி உட்கார்ந்திருந்தது.

"என்னா சார் சத்தம்?" என்று கேட்டார் துரைராஜ்.

"உங்க உளி" என்றார் டாக்டர்.

நான் அழுதேன். முகமூடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்துதான் இருந்தது. உளியை மறுநாள் மறுபூஜைக்குள் பாஷா வந்து தாம்பாளத்தோடு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பெரிய டாக்டர் என்னிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு கண்ணில் அடிபட்டு யார் வந்தாலும், எதை அடித்தாய், எதால் அடித்தாய் என்று இரண்டு கேள்வியும் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "வேற ஏதாவது கேக்கணுமா சிஸ்டர்?" என்பார். அந்த இரண்டாவது கேள்வி இன்றைக்கும் செத்துப்போகவில்லை. கண்ணுக்குள் இரும்பு இருக்கலாம் என்று சந்தேகம் இருப்பவரை, கேட்காமல் கொள்ளாமல் எம்.ஆர்.ஐ. அறைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அந்த மெஷினும் ஒரு ஆனைதான், எங்கள் ஆனையைவிட முரட்டு ஆனை. அதனால் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்தது ஒன்று இருந்தால், அது சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்ததாகவே இருக்கட்டும், சொல்லிவிடுங்கள். உளறலாகச் சொன்னாலும் பரவாயில்லை.

துரைராஜின் கதை அங்கே முடியவில்லை. கட்டுப் பிரித்தோம், சொட்டு மருந்தெல்லாம் நிறுத்தினோம். இரண்டு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்கு சாந்தியோடு வந்தார். சுவரில் இருந்த எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படித்துவிட்டார். டாக்டர் மகிழ்ந்துபோய், பார்வை எண்களைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "ரொம்ப நல்லா இருக்கு. வேலைக்குப் போகலாம்."

துரைராஜின் முகம் மலரவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன துரைராஜ், சந்தோஷமா இல்லையா?" என்று நான்தான் கேட்டேன்.

"எழுத்துத் தெரியுது சிஸ்டர். கோடு தெரியுமான்னு தெரியல."

எனக்குப் புரியவில்லை. சாந்தி கூடையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிரித்தால் ஒரு வெர்னியர் காலிப்பர். தடிமன், நீளம் எல்லாம் அளக்கும் ஃபிட்டரின் அளவுகோல். அதில் ஒரு மில்லிமீட்டரையே கூறு போட்டு மயிரிழைக் கோடுகள் இருக்கும். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று கண்டுபிடித்துப் படிக்க வேண்டும். படிக்க முடியாதவர் ஃபிட்டர் இல்லை.

"ஒரு மாசமா இத தலமாட்டுல வெச்சுக்கினுதான் சிஸ்டர் படுக்கறாரு. எடுத்துப் பாருய்யான்னா பாக்க மாட்டேன்றாரு" என்றாள் சாந்தி.

"பயமா இருக்குதுடி" என்றார் துரைராஜ். அந்தப் பெரிய உடம்புக்காரர் வெர்னியரைக் கையில்கூட எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு மாதமாக அவர் பார்வையை அளந்துகொண்டிருந்தோம். எதற்கு அந்தப் பார்வை வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து, உள்ளே இருந்ததை ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொட்டினார். அந்த உளிச் சில்லு. "இத அளந்து சொல்லுங்க" என்றார்.

துரைராஜ் ஜன்னல் பக்கம் போனார். கை பழக்கத்தில் தானாக வேலை செய்தது. சில்லைத் தாடைகளுக்கு நடுவே பிடித்துத் திருகை இறுக்கினார். வெர்னியரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கொஞ்சம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள், வளையல் உடைந்துவிடும் போலப் பிடித்தாள்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு நாலு" என்றார் துரைராஜ்.

டாக்டர் போய் வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "எனக்கு ஒரு கோடும் தெரியல" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். டர்னர் பெண்டாட்டிக்கு வெர்னியர் படிக்கத் தெரியாமல் இருக்குமா? நானும் ஜன்னல் பக்கம் போய், நிதானமாக, இரண்டு தடவை பார்த்தேன்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு நாலு சார்."

துரைராஜ் சிரித்தார். வாயெல்லாம் பல்லாக, சத்தம் போட்டு, வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரித்தார். சாந்தி அழுதுகொண்டே அவர் முதுகில் ரெண்டு போட்டாள். "போங்க. போனதும் முதல்ல எல்லா உளித் தலையையும் கிரைண்டர்ல புடிங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுப் புடிங்க" என்றார் டாக்டர்.

அவர்கள் போனபின் கேஸ் ஷீட்டைக் கோப்பில் வைக்க எடுத்தேன். பார்வை என்ற இடத்தில் முதலில் எழுதியிருந்த எண்களை டாக்டர் அடித்துவிட்டிருந்தார். அதன் பக்கத்தில், 'வெர்னியர் படிக்கிறார்' என்று எழுதியிருந்தார்.